ஃபீட்: ஓடையா, ஊட்டமா?

கைப்பேசியில் முகநூலையோ இன்ஸ்டகிராமையோ திறந்ததும் மேலிருந்து கீழாக முடிவின்றி இறங்கி வரும் பதிவுகளின் வரிசையே ‘ஃபீட்’. யாழ்ப்பாணத்தில் எழுதுவோர் பலர் அச்சொல்லை அப்படியே தமிழெழுத்தில் இட்டுவிடுகின்றனர். தமிழாக்க முனைவோர் சிலர் ‘ஓடை’ என்கின்றனர், வேறு சிலர் ‘ஊட்டம்’ என்கின்றனர்.

ஆங்கிலத்தில் இதன் முதற்பொருள் உணவு கொடுத்தல். உணவைக் குறிக்கும் ‘ஃபூட்’ என்ற பெயரோடு ஒரே வேரில் பிறந்து, உண்ணச் செய்தல் என்ற பிறவினைப் பொருளைத் தாங்கி நிற்கும் பழைய வினை அது. காண் என்பதற்குக் காட்டு அமைவது போலத் தமிழில் உண் என்பதற்கு ஊட்டு அமைகிறது. தின் என்பதற்குத் தீற்று. குழந்தைக்குச் சோறு ‘தீத்துதல்’ என்று யாழ்ப்பாணப் பேச்சில் வழங்குவது இந்தத் தீற்றுதலே; கோழித்தீனில் உள்ள தீனும் அதன் உறவுதான். ஆங்கிலச் சொல் பின்னர் தொழிற்சாலைக்குள் புகுந்து, கொதிகலனுக்கு நீரையும் அச்சியந்திரத்துக்குத் தாளையும் இடையறாது செலுத்துவதைக் குறித்தது; அதன்பின் தலைமை நிலையத்திலிருந்து கிளை நிலையங்களுக்கு அனுப்பப்படும் ஒலி, ஒளி நிகழ்ச்சிகளையும் குறித்தது. இந்தப் பயணத்தில் உணவென்ற பொருள் மங்கி, தொடர்ந்து வந்துகொண்டிருப்பது என்ற பொருளே மிஞ்சியது.

1999இல் இணைய உலாவி நிறுவனமான நெட்ஸ்கேப், தளங்களில் புதிதாக வெளியாகுபவற்றை வாசகருக்குக் கொண்டுசேர்க்கும் ஆர்எஸ்எஸ் என்னும் வடிவத்தை வெளியிட்டபோது இணையத்துக்குள் வந்த ஃபீட் இந்த மிஞ்சிய பொருளைத்தான் கொண்டிருந்தது. வாசகர் தமக்கு வேண்டிய தளங்களைத் தாமே தெரிவுசெய்வார். புதிதாக வெளியானவை வெளியான வரிசையிலேயே வந்து சேரும். அதற்குத் தமிழில் ‘செய்தியோடை’ என்று பெயரிட்டவர்கள் பிழை செய்யவில்லை.

2006 செப்டெம்பரில் பேஸ்புக் ‘நியூஸ் ஃபீட்’டை அறிமுகப்படுத்தியபோது, ஒவ்வொரு நண்பரின் பக்கமாகத் தேடிச் செல்லவேண்டிய நிலை நீங்கி, அவர்கள் செய்தவையெல்லாம் ஓரிடத்தில் தாமாக வந்து குவிந்தன, வேவு பார்ப்பதாக இருக்கிறது என்று பாவனையாளர்கள் பெருந்தொகையாக எதிர்த்தும் அது நிலைத்துவிட்டது. ஆர்எஸ்எஸ் வாசகர்களுக்குப் பழக்கமான கூகுள் ரீடர் 2013 ஜூலையில் மூடப்பட்டது. 2016இல் டுவிட்டரும் இன்ஸ்டகிராமும் நேர வரிசையைக் கைவிட்டு, பாவனையாளர் எதில் தங்குவார் என்று கணிக்கும் கணினி நெறிமுறையிடம் (அல்கோரிதம்) வரிசைப்படுத்தலை ஒப்படைத்தன. டிக்டொக்கில் நாம் யாரைப் பின்தொடர்கிறோம் என்பதே இரண்டாம்பட்சம்.

பத்திரிகையும் தெரிந்தெடுத்துத்தானே தருகிறது என்று கேட்கலாம். 1841இல் தொடங்கிய ‘உதயதாரகை’ முதல் 1985இல் தொடங்கிய ‘உதயன்’ வரை, முதற்பக்கத்தில் எது வரும் என்பதை ஆசிரியர் பீடமே தீர்மானித்தது; ஆனால் அந்தப் பக்கம் வாங்கிய எல்லோருக்கும் ஒன்றாகவே இருந்தது, குறை சொல்வதற்கும் ஒரு முகவரி இருந்தது. ஃபீட் ஆளுக்கு ஆள் வேறுபடும். யாழ்ப்பாணத்து வாசகர் தவறாது பார்க்கும் மரண அறிவித்தலையே எடுத்துக்கொள்வோம்: நாளை இறுதிக்கிரியை என்று முகநூலில் இடப்பட்ட அறிவித்தல், பலர் அனுதாபம் எழுதிய பின்னரே மேலெழுந்து, எட்டுச்செலவும் முடிந்தபின் உறவினர் ஒருவரின் திரையில் தோன்றக்கூடும். ஓடையில் வந்திருந்தால் அது அன்றே வந்திருக்கும்.

ஆகவே இன்றைய ஃபீடுக்கு ஓடை என்ற சொல் பொருந்தாது என்பதே என் கருத்து. ஓடை தன்போக்கில் ஓடுவது. நம் தோட்டங்களில் கிணற்று நீர் வாய்க்காலில் வந்தாலும், எந்தப் பாத்திக்கு எவ்வளவு என்பதை மண்வெட்டியோடு நின்று தண்ணீர் மாறுபவரே தீர்மானிக்கிறார். ஃபீடிலும் அப்படியொருவர் நிற்கிறார், விளம்பர வருமானத்தைக் கணக்கிட்டபடி. ஊட்டு என்ற பிறவினையில் ஊட்டுபவர் ஒருவர் இருப்பது உள்ளடங்கியிருக்கிறது. எனவே ‘பதிவூட்டம்’ என்பதே பொருத்தமாகப் படுகிறது. ஊட்டம் என்றால் சத்தல்லவா என்ற மறுப்பு தமிழ்நாட்டில் வலுவாக இருக்கலாம். போசாக்கு, போசணை என்று பழகிய இலங்கையில் அத்தனை மயக்கம் நேராது. நம் பாடநூல்களில் உள்ள ‘பின்னூட்டல்’ ஏற்கெனவே இதே வினையின்மேல் அமைந்ததுதான்.

செய்தியோடையைத் தூக்கியெறியவும் வேண்டியதில்லை. ஆர்எஸ்எஸ்ஸுக்கும் நேர வரிசையில் வரும் பிறவற்றுக்கும் அது இருக்கட்டும். ஐரோப்பிய ஒன்றியத்தின் எண்மச் சேவைகள் சட்டம், 2023 ஓகஸ்ட் முதல் மிகப் பெரிய தளங்கள் பாவனையாளரின் தனிவிவரத்தை வைத்துக் கணிக்காத ஒரு தெரிவையேனும் வழங்கவேண்டும் என்கிறது; பல தளங்கள் நாம் பின்தொடர்வோரின் பதிவுகளை மட்டும் நேர வரிசையில் காட்டும் தனிப் பக்கத்தையும் வைத்துள்ளன. ஒரே செயலியில் நேர வரிசைப் பக்கமும் கணித்துத் தரும் பக்கமும் அடுத்தடுத்த பொத்தான்களாக இருக்கையில், தமிழ் இடைமுகத்தில் ஒன்றுக்கு ஓடை என்றும் மற்றதற்கு ஊட்டம் என்றும் எழுதலாம்.