கட்டுப்பல்லின் உட்புறத்தில் குடியிருக்கும் மதுவம்

மேற்பல் கட்டியிருக்கும் முதியவர்கள் "வாய் எரியுது டொக்டர்" என்று வரும்போது, கட்டுப்பல்லைக் கழற்றித் தரும்படி முதலில் கேட்பது திருகோணமலையில் பல் வைத்தியம் செய்யும் எனது வழக்கம். மூதூரிலிருந்து வந்த ஓர் அம்மா சேலைத்தலைப்பால் வாயை மறைத்துக்கொண்டுதான் கழற்றினார். அண்ணத்தில் கட்டுப்பல் மூடியிருந்த இடம் மாத்திரம் அளவெடுத்ததுபோல அதே வடிவில் சிவந்திருந்தது. பல்லின் உட்புறம் விரலுக்கு வழுக்கியது. கருவியால் சுரண்டியபோது வெண்பசை எழும்பியது.

மூன்று மாதத்துக்குள் நான்கு தடவை, வைத்தியரின் துண்டு இல்லாமலே ஒரு பார்மசியில் பூஞ்சணத்தைக் கட்டுப்படுத்தும் 150 மில்லிகிராம் புளுகொனசோல் வாங்கி விழுங்கியிருக்கிறார். ஒவ்வொரு தடவையும் எரிவு தணிந்து, சில நாட்களில் திரும்பியிருக்கிறது.

திரும்பியதற்குக் காரணம் அந்தப் பசை. கண்டிடா அல்பிகன்ஸ் என்னும் மதுவம் (ஒருவகைப் பூஞ்சணம்) நம்மில் பலருடைய வாயில் தொந்தரவின்றி வாழ்கிறது. ஆனால் கட்டுப்பல் செய்யப்படும் அக்கிரிலிக் பிளாஸ்டிக்கின் நுண்துளைகளில் பற்றிக்கொண்டால், ஓரிரு நாட்களுக்குள் இழைகளாக நீண்டு, தானே சுரக்கும் கூழுக்குள் புதைந்து உயிர்ப்படலமாகிவிடுகிறது. அக்கூழிலுள்ள குளுக்கன் என்னும் மாச்சத்து மருந்தைக் கலத்தை எட்டுமுன்பே பிடித்து வைக்கிறது. எட்டிய மருந்தையும் கலச்சுவரை அடுத்துள்ள மென்சவ்விலிருக்கும் பம்பிகள் வெளியே தள்ளுகின்றன. உறங்குநிலையில் கிடக்கும் சில கலங்களோ எதற்கும் அசையாமல் எஞ்சி, மருந்து நின்றதும் மறுபடி பெருகுகின்றன. ஆய்வுகூடத்தில் வழக்கமாகச் சோதிக்கப்படுபவை படலமாகாத கலங்கள் என்பதால், அறிக்கையில் "மருந்து வேலை செய்யும்" என்று இருந்தும் வாயில் வேலை செய்யாமற்போவதுண்டு. அரைகுறையாக மருந்தெடுக்கும் பழக்கம் நீடித்தால், இயல்பாகவே புளுகொனசோலுக்கு எளிதில் அடங்காத கண்டிடா கிளப்ரேட்டா போன்றவை அவ்விடத்தைப் பிடித்துக்கொள்ளவும் கூடும்.

பாசி பிடித்த கிணற்றடிக் கல்லில் எத்தனை வாளி தண்ணீர் ஊற்றினாலும் வழுக்கல் போகாது, தும்பால் உரஞ்சத்தான் வேண்டும் என்றதும் அம்மாவுக்கு விளங்கிவிட்டது. இரவில் கழற்றி, மென்மையான தூரிகையாலும் சவர்க்காரத்தாலும் உட்புறத்தைத் தேய்த்து, தண்ணீரில் போட்டுவைக்க வேண்டும். பற்பசை கூடாது, அது அக்கிரிலிக்கைக் கீறி, மதுவம் ஒளிய இன்னும் இடம் கொடுக்கும். மருமகனின் முன்னால் பொக்கை வாயோடு படுக்க வெட்கம் என்பதாலேயே இரவிலும் கழற்றாமல் இருந்திருக்கிறார். (இந்த வெட்கத்துக்கு என்னிடம் மருந்தில்லை.) வைத்தியசாலைகளில் இரத்தநாளத்துக்குள் வைத்த குழாயில் இதே படலம் படிந்தால், இயன்றவரை குழாயையே அகற்றுகிறார்கள். 2009இல் ஜப்பானில் முதலில் விவரிக்கப்பட்ட இன்னொரு மதுவமான கண்டிடா ஓரிஸை, உலக சுகாதார நிறுவனம் 2022இல் அதிமுக்கிய ஆபத்துப் பட்டியலில் சேர்த்தது. பல மருந்துகளுக்கு ஒருங்கே அடங்காமையே அதற்கான முக்கிய காரணங்களுள் ஒன்று.

மருந்து எழுதிக்கொடுக்குமுன் அந்த அம்மாவின் கிளினிக் கொப்பியைப் புரட்டினேன். இருதய வருத்தத்துக்காக, இரத்தம் உறைவதைத் தடுக்கும் வார்பரின் எடுத்துவந்திருக்கிறார். புளுகொனசோலும், வாயில் பூசும் மைக்கொனசோல் ஜெல்லும் வார்பரினின் வேகத்தைக் கூட்டி இரத்தக்கசிவை உண்டாக்கக்கூடியவை. பார்மசியில் யாரும் கேட்கவில்லை. அவருக்கும் சொல்லத் தோன்றவில்லை. அதனால் நிஸ்டாட்டின் என்னும் வேறொரு பூஞ்சண மருந்தைத் திரவமாக எழுதிக்கொடுத்து, அன்றே இரத்த உறைவுப் பரிசோதனைக்கு அனுப்பினேன்.