வெங்காயமா, டெலிபிலிமா?

போன ஞாயிற்றுக்கிழமை சாயந்திரம், மேற்கு மாம்பலம் வீட்டு ஹாலில் அம்மா டிவி முன்னால் உட்கார்ந்து ராத்திரி சாம்பாருக்கு வெங்காயம் நறுக்கிக்கொண்டிருந்தார். டிவிக்கென்றே எடுத்த குடும்பப் படம். அப்பாவோடு சண்டை போட்டுக்கொண்டு போன மூத்த மகன், நாலு விளம்பர இடைவேளைக்கு அப்புறம் வாசலில் வந்து நிற்கிறான். அம்மா மூக்கை உறிஞ்சினார். நான் பார்த்ததும், “வெங்காயம்டா” என்றார். நறுக்கி முடித்துப் பத்து நிமிஷம் ஆகியிருந்தது.

வெங்காயத்தை வெட்டினால் செல்கள் உடைந்து, உள்ளே தனித்தனியாக இருந்த நொதியும் கந்தகச் சேர்மமும் கலந்து ஒரு வாயு கிளம்பும். அது கண்ணில் பட்டு எரிய, நரம்பு வழியாக மூளைத்தண்டுக்குச் சேதி போய், அங்கிருந்து கண்ணின் வெளி மூலைக்கு மேலே இருக்கும் கண்ணீர்ச் சுரப்பிக்கு உத்தரவு வருகிறது. படத்தில் கண்ணில் எதுவும் படுவதில்லை. உணர்ச்சிகளைப் பார்த்துக்கொள்ளும் மூளைப்பகுதிகளே மேலிருந்து அதே மூளைத்தண்டை முடுக்கிவிடுகின்றன. மெட்ரோ வாட்டரும் லாரித் தண்ணீரும் ஒரே சம்ப்பில் விழுகிற கதைதான். ஆனால் தண்ணீர் கொஞ்சம் வேறு: அமெரிக்க உயிர்வேதியியலாளர் வில்லியம் ஃபிரே சோகப் படம் பார்த்தவர்களின் கண்ணீரையும் வெங்காயக் கண்ணீரையும் ஒப்பிட்டு 1981இல் வெளியிட்ட ஆய்வில், முன்னதில்தான் புரதம் அதிகம். அழுதால் உடம்பிலுள்ள நச்சு வெளியேறும் என்று வாட்ஸ்அப்பில் சுற்றுவதும் அவருடைய ஊகத்தின் வால்தான், அது நிரூபணமாகவில்லை.

மூக்கு ஏன் காட்டிக்கொடுத்தது? மூக்கை ஒட்டிய கண் ஓரத்தில், இமை விளிம்பில் மேலும் கீழுமாக இரண்டு சின்னத் துளைகள் இருக்கின்றன. கண்ணீர் அந்த வழியாக மூக்குக்குள் இறங்கிவிடும், அதற்கும் மிஞ்சியதுதான் கன்னத்தில் வழியும்.

சரி, மகன் கோபித்துக்கொண்டு போனபோது கல்லுமாதிரி உட்கார்ந்திருந்த அம்மா, அவன் திரும்பி வந்த நல்ல காட்சியில் ஏன் அழ வேண்டும்? ரங்கநாதன் தெருக் கூட்டத்தில் தொலைந்த குழந்தையைப் பார்த்திருக்கிறீர்களா? தேடும்வரை மிரள மிரள விழிக்கும், அம்மா முகம் தெரிந்த நொடியில்தான் ஓவென்று அழும். எஃப்ரான், ஸ்பாங்லர் என்ற உளவியலாளர்கள் 1979இல் சொன்னதும் இதைத்தான்: முதலில் உடம்பு முறுக்கேறுகிறது, இதயம் வேகமாக அடிக்கிறது, இனிப் பயமில்லை என்று தெரிந்து அந்த முறுக்கு சட்டென்று தளரும்போதுதான் கண்ணீர் வருகிறது. சுரப்பியைத் திறந்துவிடுவதும் உடம்பைத் தளர்த்துகிற பாராசிம்பதட்டிக் நரம்புகள்தான் என்பதால் இந்த விளக்கம் எனக்குப் பொருத்தமாகவே படுகிறது. நாலு தடவை ‘இடைவேளைக்குப் பிறகு’ என்று இழுத்தடித்தவர்களுக்கு நரம்பியல் தெரியுமோ தெரியாதோ, வேலை மட்டும் நன்றாகத் தெரிந்திருக்கிறது.

திரையில் அந்த மகனின் கன்னத்தில் ஒரு சொட்டு, கெட்டியாக, உருளாமல் அப்படியே நின்றது. “கிளிசரின் போட்டிருக்கான் பாரு” என்று சொல்லிக்கொண்டே அம்மா முந்தானையால் கண்ணைத் துடைத்தார்.