சப்நெட் மாஸ்க்கை முகமூடி என்று சொல்லலாமா?

கணினியில் ஐபி முகவரியை, அதாவது பிணையத்தில் (நெட்வொர்க்கில்) அந்தக் கணினியை அடையாளம் காட்டும் எண்ணை, கையால் போட்டவர்களுக்கு அந்தத் திரை நினைவிருக்கும். முகவரிப் பெட்டிக்குக் கீழேயே இன்னொரு பெட்டி. அதில் பெரும்பாலும் 255.255.255.0 என்று தானாகவே வந்து உட்கார்ந்துகொள்ளும். பலரும் அதைப் படிக்காமலே ‘ஓகே’யை அழுத்திவிடுவார்கள். அதுதான் சப்நெட் மாஸ்க். தமிழில் ‘உபவலை முகமூடி’, ‘துணைவலை மறைப்பு’ என்றெல்லாம் இதை எழுதிப் பார்க்கலாம். ஆனால் அந்தச் சொற்களை வைத்துக்கொண்டு புதிதாகப் படிக்க வரும் ஒருவருக்கு விஷயத்தைப் புரியவைக்க முடியாது. முகமூடி என்ற சொல் அவரை நேர் எதிர்த்திசையில் இழுத்துக்கொண்டு போய்விடும்.

முதலில் முகவரி. நாம் பொதுவாகப் பார்க்கும் ஐபி முகவரி 32 பிட் நீளமுள்ளது; பிட் என்பது 0 அல்லது 1 நிற்கும் ஓர் இடம். 1981 செப்டம்பரில் வெளியான ஆர்எஃப்சி 791 என்ற இணைய விதி ஆவணம் அதை வரையறுத்தது. படிக்க வசதியாக எட்டு எட்டு பிட்டாகப் பிரித்து 192.168.1.20 என்று எழுதுகிறோம். இதில் முன்பகுதி எந்தப் பிணையம் என்பதையும், பின்பகுதி அந்தப் பிணையத்தில் எந்தக் கருவி என்பதையும் சொல்கிறது. ஊர்ப் பெயரும் கதவு எண்ணும் இடைவெளி விடாமல் ஒட்டி எழுதப்பட்ட விலாசம் மாதிரி. ஊர்ப் பெயர் எங்கே முடிகிறது என்று தெரியாவிட்டால் தபாலைக் கொண்டுபோய்ச் சேர்க்க முடியாது.

தொடக்கத்தில் இதற்குக் கறாரான ஒரு விதி இருந்தது. முகவரியின் முதல் சில பிட்களைப் பார்த்தாலே ‘ஏ’, ‘பி’, ‘சி’ வகுப்புகளில் எது என்று தெரிந்துவிடும். ‘சி’ வகுப்பில் ஒரு பிணையத்துக்கு 254 கருவிகள், ‘பி’ வகுப்பில் 65,534, ‘ஏ’ வகுப்பில் 1.67 கோடிக்கும் மேல். நடுவில் எதுவும் கிடையாது. ஒரு பல்கலைக்கழகம் ‘பி’ ஒன்றை வாங்கி வைத்திருக்கும்; அதன் ஒவ்வொரு துறையிலும் தனித்தனியாக ஒரு பிணையம் ஓடும். அவை ஒவ்வொன்றுக்கும் புதிதாக ஒரு பிணைய எண் கேட்டால், தகவலை வழிகாட்டி அனுப்பும் ரௌட்டர் கருவிகளின் வழிப்பட்டியல் எல்லாம் வீங்கிக்கொண்டே போகும். ஸ்டான்ஃபோர்டில் இருந்த ஜெஃப்ரி மோகல் 1984 அக்டோபரில் இதைப் பற்றி எழுதினார். அடுத்த ஆண்டு ஆகஸ்டில் அவரும் ஜான் போஸ்டலும் எழுதிய ஆர்எஃப்சி 950, ஒரு பிணையத்தை உள்ளேயே பிரித்துக்கொள்ளும் வழிமுறையை உறுதி செய்தது. வெளியே இருப்பவர்களுக்கு அது பழையபடி ஒரே பிணையம்தான். உள்ளே எத்தனையாகப் பிரித்துக்கொள்வது என்பது அந்த நிறுவனத்தின் பாடு.

இந்த ‘உள்ளே’தான் சப்நெட் என்ற சொல்லின் உயிர். சப் என்ற முன்னொட்டு லத்தீனிலிருந்து வந்தது, ‘கீழ்’ என்று பொருள். தமிழில் அதற்கு ஒரே சொல் போதாது, இடத்துக்கு இடம் மாற்றித்தான் சொல்கிறோம். சப் ரிஜிஸ்ட்ரார் நமக்குச் சார்பதிவாளர். சப் டிவிஷன் என்பது நிலத்தில் உட்பிரிவு. ‘துணை’ என்றால் கூட நின்று உதவுவது. துணைவேந்தர், துணைத் தலைவர் என்பவற்றில் அது பொருந்தும். சப்நெட் யாருக்கும் துணை நிற்பதில்லை. ஒரு சர்வே எண்ணில் இருக்கும் நிலத்தை அண்ணன் தம்பிகள் பிரித்துக்கொண்டு 124/1, 124/2 என்று பட்டா வாங்குகிறார்களே, அதே வேலைதான் இங்கேயும் நடக்கிறது. நிலம் கூடவில்லை, உள்ளே வரப்பு விழுந்திருக்கிறது. அதனால் என் கணக்கில் சரியான சொல் உட்பிணையம். பிணையம் என்றால் வங்கியில் ‘பிணையமில்லாக் கடன்’ என்பதுதானே நினைவுக்கு வரும் என்று கேட்கலாம். இரண்டுக்கும் வேர், கட்டுதல் என்ற பொருள் தரும் ‘பிணை’ என்பதே. கணினிப் பேச்சில் அந்தக் குழப்பம் வராது. வலையமைப்பு என்று எழுதிப் பழகியவர்கள் உள்வலையமைப்பு என்று சொன்னாலும் எனக்குச் சம்மதம். ‘உள்’ மட்டும் போய்விடக் கூடாது.

அடுத்து மாஸ்க். பிரெஞ்சின் மாஸ்க், இத்தாலியத்தின் மாஸ்கெரா வழியாக ஆங்கிலத்துக்குப் போன சொல்; முகத்தை மூடும் பொருள்தான் பழையது. ஆனால் பெயின்டர்கள் ஜன்னல் ஓரத்தில் மாஸ்கிங் டேப் ஒட்டுகிறார்களே, அங்கே பொருள் வேறு. வேண்டாத இடத்தை மூடி, வேண்டிய இடத்தைத் திறந்து வைப்பது. கணினியில் இருப்பது இந்தப் பொருள். நம் வீட்டு வாசலுக்கு வந்தால் கோல அச்சைச் சொல்லலாம். ஓட்டை இருக்கும் இடத்தில் மாவு தரையில் விழும், தகடு இருக்கும் இடத்தில் விழாது. மாஸ்க்கில் 1 என்பது ஓட்டை, 0 என்பது தகடு. முகவரியின் மேல் அதை வைத்தால் 1 உள்ள இடத்து பிட்கள் அப்படியே கீழே இறங்கும், மற்றவை பூஜ்யமாகிவிடும். இறங்கியது பிணையத்தின் எண். எட்டு பிட்டும் 1 ஆக இருந்தால் அதன் மதிப்பு 255. அதாவது 255 என்று பார்க்கிற இடம் முழுக்கத் திறந்த இடம். முகமூடி என்று கற்றவர் அதை மூடிய இடம் என்றுதான் நினைப்பார்.

இதைத் தவறவிட்டால் என்ன ஆகும் என்பதை ஒரு சிறிய அலுவலகத்தில் கண்டேன். பில் போடும் கணினிக்கு 192.168.1.20, பிரிண்டருக்கு 192.168.1.200. பிரிண்டர் வேலை செய்யவில்லை. நான் கேபிளை இரண்டு முறை மாற்றினேன், பிரிண்டரை அணைத்துப் போட்டேன். கடைசியில் பார்த்தால், கணினியில் மாஸ்க் 255.255.255.128 என்று இருந்தது. 128-ஐ பிட்களாக எழுதினால் 10000000, அதாவது கடைசி எட்டில் ஒரே ஒரு ஓட்டை. அதன் வழியாக 20 இறங்கினால் 0, 200 இறங்கினால் 128. ஆகவே பிரிண்டர் வேறு பிணையத்தில் இருக்கிறது என்று கணினி முடிவு கட்டிவிட்டது. இணையம் தேவையில்லாத கணினி என்பதால் கேட்வே எண்ணும் (வேறு பிணையத்துக்குப் போகும் வாசலின் முகவரி) கொடுக்கப்படவில்லை, வேறு வழியாகவும் அதனால் போக முடியவில்லை. 128-ஐ 0 ஆக்கியதும் தாள் வந்தது.

அப்படியென்றால் மாஸ்க்குக்குத் தமிழ் ‘அச்சு’வா? 1985-இல் கேட்டிருந்தால் ஆமாம் என்றே சொல்லியிருப்பேன். ஆர்எஃப்சி 950 ஓட்டைகள் அடுத்தடுத்து இருப்பதைப் பரிந்துரை செய்ததே தவிர, கட்டாயமாக்கவில்லை. 1993-இல் சைடர் (CIDR) என்ற முகவரிப் பங்கீட்டு முறை வந்து வகுப்புகளை எல்லாம் ஒழித்தது. பிறகு 1-கள் எல்லாம் இடப்பக்கம் சேர்ந்து நிற்கும், 0-க்கள் எல்லாம் வலப்பக்கம் என்றாகிவிட்டது. இப்போது மாஸ்க் சொல்வது ஒரே ஒரு செய்தி: பிணையம் எந்த பிட்டோடு முடிகிறது. அதனால்தான் 255.255.255.0 என்று நீட்டாமல், முதல் 24 பிட் பிணையத்துக்கு என்ற பொருளில் /24 என்று எழுத முடிகிறது. வயலின் நடுவில் நட்ட எல்லைக்கல் செய்யும் வேலை இது. ஆகவே சப்நெட் மாஸ்க் என்பதற்கு ‘உட்பிணைய எல்லை’ என்று சொல்லலாம் என்பது என் கருத்து. கல்லை இரண்டு பிட் வலப்பக்கம் தள்ளி நட்டு /26 ஆக்கினால், 256 முகவரிகள் 64 வீதம் நான்கு உட்பிரிவாகும். ஒவ்வொன்றிலும் முதல் எண் பிணையத்தின் பெயருக்கும் கடைசி எண் எல்லோருக்குமான அறிவிப்புக்கும் போக, 62 கருவிகளுக்கு இடம் இருக்கும். பட்டாவில் 124/2 என்பது இரண்டாவது துண்டு. இங்கே /26 என்பது துண்டின் வரிசை எண் அல்ல, கல் நிற்கும் இடம். குறி ஒன்றாக இருப்பதால் இதைச் சொல்லிவைக்க வேண்டியிருக்கிறது.

128 பிட் நீளமுள்ள ஐபி பதிப்பு 6-இல் 255.255 என்று மாஸ்க்கை எழுதும் வழக்கமே இல்லை. எல்லை எங்கே என்று மட்டும் சொல்கிறார்கள். வீட்டுக்குள் ஓடும் பிணையத்தில் அது பெரும்பாலும் /64.