டென்யூர்: முடிவு தேதி இல்லாத 'பதவிக்காலம்'

மறுபடியும் அதே சொல். அமெரிக்கப் பல்கலைக்கழகங்களில் ஆசிரியர்களின் பதவி உயர்வையும், தக்க காரணமின்றி நீக்க முடியாத பணி உரிமையான டென்யூரையும் மதிப்பிடுவதற்கென்று ஒரு புது மென்பொருள். துறை அலுவலகங்களில் இருக்கும் நிர்வாகிகளுக்கு அதைக் கற்றுக்கொடுக்கப் போகிறவர்களில் பாதிப்பேர் தமிழர்கள் என்பதால், அவர்கள் முதலில் பழகிக்கொள்ளத் தமிழில் ஒரு பயிற்சிக் காணொளி தயாரித்திருந்தார்கள். மொழியைச் சரிபார்க்கும் வேலை என்னிடம் வந்தது. முதல் நிமிடத்திலேயே 'பதவிக்கால மதிப்பாய்வு' என்றது குரல். அப்புறம் 'பதவிக்காலம் வழங்கப்பட்டது', 'பதவிக்காலம் மறுக்கப்பட்டது', 'பதவிக்காலக் கடிகாரம்'. எண்ணிக்கொண்டே வந்தேன். முப்பதைத் தாண்டியதும் விட்டுவிட்டேன்.

காணொளி முடிந்ததும் மாதிரித் திரையைத் திறந்து பயிற்சி நடந்தது. ஓர் உதவிப் பேராசிரியரின் கோப்பு எல்லாப் படிகளையும் தாண்டி, கடைசியில் 'பதவிக்காலம் வழங்கப்பட்டது' என்று பச்சை நிறத்தில் வந்து நின்றது. கற்றுக்கொள்ள வந்த ஓர் இளைஞர் கேட்டார்: "சார், பதவிக்காலம் குடுத்தாச்சு. எத்தனை வருஷம்னு எங்க போடணும்? முடிவு தேதிக்குக் கட்டத்தையே காணோமே?"

அவர்மேல் எந்தத் தவறும் இல்லை. தமிழ் தெரிந்த யாரும் அதைத்தான் கேட்பார்கள். பதவிக்காலம் என்றால் தொடக்கமும் முடிவும் இருக்கும். டென்யூரின் முழு அர்த்தமே முடிவு தேதி இல்லை என்பதுதான். மொழிபெயர்ப்பு கொஞ்சம் வழுக்கிவிட்டது என்றுகூடச் சொல்ல முடியாது, நேரெதிர்ப் பொருளில் போய் விழுந்திருக்கிறது.

சொல் வந்த வழியைச் சுருக்கமாகப் பார்த்துவிடலாம். இலத்தீனில் 'டெனேரெ' என்றால் பிடித்தல், வைத்திருத்தல். பழைய பிரெஞ்சில் அது 'டெனிர்' ஆனது. அங்கிருந்து இங்கிலாந்துக்குப் போய், நிலத்தை எந்த உரிமையில் ஒருவர் வைத்திருக்கிறார் என்பதைக் குறிக்கும் சட்டச் சொல்லானது. குடியிருப்பவரைச் சொல்லும் 'டெனன்ட்' இதே குடும்பம். டென்னிஸ்கூட இதே வேரிலிருந்து, பந்தைப் போடும்போது "இந்தா, பிடி" என்று சொன்னதிலிருந்து வந்தது என்பதுதான் பெரும்பாலோர் கருத்து. நிலத்துக்குச் சொன்னதைப் பின்னால் பதவிக்கும் சொன்னார்கள். பதவிக்கு வந்ததும் பொருள் இரண்டாகக் கிளைத்தது: பதவியை வைத்திருக்கும் காலம் ஒன்று, வைத்திருக்கும் உரிமை இன்னொன்று. ஆளுநரின் டென்யூர் என்று செய்தித்தாள் எழுதினால் அது காலம். பேராசிரியருக்கு டென்யூர் கிடைத்தது என்றால் அது உரிமை.

ஆங்கிலத்திலேயே ஒரே சொல் இரண்டு வேலை பார்ப்பதால் மொழிபெயர்ப்பாளர் தடுக்கி விழுந்ததற்கு ஒரு நியாயம் உண்டு என்று ஒப்புக்கொள்கிறேன். அகராதியின் முதல் பொருளை எடுத்துப் போட்டுவிட்டார். ஆனால் அந்தச் சொல்லுக்குப் பக்கத்தில் என்ன வினை வருகிறது என்று ஒருமுறை பார்த்திருந்தால் போதும். பதவிக்காலம் முடியும், நீளும், நீட்டிக்கப்படும். அதை யாரும் யாருக்கும் 'வழங்குவது' இல்லை, 'மறுப்பதும்' இல்லை. அமெரிக்க அதிபரின் பதவிக்காலம் 4 ஆண்டு. அந்த நாட்டின் கூட்டரசு நீதிபதிக்கோ பதவிக்காலம் என்ற ஒன்றே கிடையாது. நன்னடத்தையோடு இருக்கும்வரை பதவியில் இருக்கலாம் என்கிறது அரசமைப்பு. டென்யூர் பெற்ற பேராசிரியர் இதில் நீதிபதியின் பக்கம் நிற்பவர். அவரைக் கொண்டுபோய் அதிபரின் வரிசையில் நிறுத்துகிறது 'பதவிக்காலம்'.

இந்த உரிமை சும்மா வந்ததல்ல. அமெரிக்கப் பல்கலைக்கழகப் பேராசிரியர்கள் சங்கம் 1915இல் தொடங்கியது. நிர்வாகத்துக்கோ நன்கொடையாளருக்கோ பிடிக்காத கருத்தைச் சொன்னதற்காக ஆசிரியரை வீட்டுக்கு அனுப்பக் கூடாது என்பது அதன் முதல் கவலைகளில் ஒன்று. 1940இல் கல்லூரிகளின் சங்கத்தோடு சேர்ந்து அது வெளியிட்ட அறிக்கைதான் இன்றுவரை அடிப்படை: தகுதிகாண் பருவம் 7 ஆண்டைத் தாண்டக் கூடாது, அதன்பின் தக்க காரணம், ஓய்வு, கடுமையான நிதி நெருக்கடி இவை தவிர வேறெதற்கும் பணிநீக்கம் கூடாது. பிரிட்டனில் 1988ஆம் ஆண்டுச் சட்டம் புதிதாகச் சேருபவர்களுக்கு இந்த ஏற்பாட்டையே எடுத்துவிட்டது. எடுத்துவிட முடிகிறது என்றாலே அது உரிமை என்று தெரிகிறதல்லவா? காலத்தை எப்படி எடுப்பது?

சரி, பதவிக்காலம் வேண்டாம் என்றால் வேறென்ன? 'ஆயுள் பதவி', 'வாழ்நாள் பதவி' என்று எழுதுகிறவர்கள் இருக்கிறார்கள். திசை சரி, தூரம் அதிகம். தக்க காரணம் இருந்தால் டென்யூர் பெற்றவரையும் நீக்கலாம். தவிர, 'ஆயுள்' என்றதும் தமிழ்க் காதில் அடுத்து வந்து விழுவது 'தண்டனை'. ஆராய்ச்சி மானிய விண்ணப்பம் எழுதிக் களைத்த சில பேராசிரியர்கள் இதைப் பொருத்தம் என்று சொல்லக்கூடும். நான் சிபாரிசு செய்ய மாட்டேன்.

'பணிப் பாதுகாப்பு' என்பது டென்யூரால் கிடைக்கும் பயன். மரத்தைக் கேட்டால் நிழலைக் காட்டுவது போல.

கொஞ்ச நாள் 'காணி'யின் மேல் எனக்கு ஓர் ஆசை இருந்தது. ஆங்கிலச் சொல் நிலத்திலிருந்துதானே வந்தது, நம்மிடமும் நிலத்தை உரிமையாக வைத்திருப்பதற்குக் 'காணியாட்சி' என்ற அருமையான சொல் இருக்கிறது. கோயிற் பணிகளில் ஒருவருக்கு இருந்த பரம்பரை உரிமையைக்கூடக் கல்வெட்டுகள் காணி என்று சொல்லும். ஆனால் அந்தப் 'பரம்பரை'யில்தான் சிக்கல். பேராசிரியரின் டென்யூர் மகனுக்கோ மகளுக்கோ போகாது. இன்று காணி என்றால் 1.32 ஏக்கர் என்றுதான் பலருக்கும் நினைவு வரும். ஆசையை விட்டேன்.

உண்மையான போட்டி 'பணி நிரந்தரம்'. எல்லோருக்கும் புரியும், நாளும் புழங்குகிற சொல். நிரந்தரம் வடசொல் என்பதற்காக அதைத் தள்ளுகிறவன் நான் இல்லை. இடைவெளி இல்லாதது என்று அதற்கு நல்ல பொருள் உண்டு, தமிழில் அது வந்து குடியேறியும் நெடுநாள் ஆகிறது. என் தயக்கம் வேறு. பணி நிரந்தரம் என்றதும் நம் மனத்தில் எழும் படம், தற்காலிக ஊழியர்கள் இத்தனை வருடம் வேலை பார்த்துவிட்டோம், நிரந்தரமாக்குங்கள் என்று கேட்பது. அங்கே பணிசெய்த காலமே தகுதி. டென்யூரில் காலம் ஓடினால் ஒன்றும் கிடைக்காது, வேலைதான் போகும். பெரும்பாலும் ஆறாம் ஆண்டில் கோப்பு எழும். வெளிப் பல்கலைக்கழக அறிஞர்களின் மதிப்பீட்டுக் கடிதங்கள் வரும். துறைக் குழு வாக்களிக்கும், துறைத்தலைவர் கடிதம் எழுதுவார், கல்லூரிக் குழு, டீன், அவருக்கும் மேலே கல்வி நிர்வாகத்தைக் கவனிக்கும் பிராவஸ்ட் என்று ஏறி, பல இடங்களில் அறங்காவலர் குழுவரை போகும். இல்லை என்று முடிவானால், வழக்கமாக இன்னும் ஓராண்டு தந்து அனுப்பிவிடுவார்கள். கிடைத்தால் உள்ளே, இல்லாவிட்டால் வெளியே. நடுவில் உட்கார இடமில்லை.

அதனால் நான் பிடித்து நிற்பது 'பணி நிலைபேறு'. சுருக்கமாக நிலைபேறு. நிலைத்திருத்தல் என்ற பொருளில் அகராதியில் ஏற்கெனவே உள்ள சொல், நான் செய்ததல்ல. எனக்கு இதில் பிடித்தது பின்பாதி. கெடு என்பது கேடு ஆவதுபோல், சுடு சூடு ஆவதுபோல், பெறு என்பது பேறு ஆகிறது. மகப்பேறு, வீடுபேறு என்னும்போது உழைத்தோ வலித்தோ தவமிருந்தோ அடைந்த ஒன்று என்ற தொனி கூடவே வருகிறது. ஆறு வருடம் ஆய்வுக்கட்டுரையும் பாடமுமாகக் கழித்தவருக்கு அதைவிடப் பொருத்தமான பின்பாதி எங்கே கிடைக்கும்? வினையும் இயல்பாக ஒட்டுகிறது: நிலைபேறு வழங்கலாம், மறுக்கலாம், பெற்றவர் என்று ஆளைச் சொல்லலாம். நிலைபேற்று மதிப்பீடு, நிலைபேற்றுக்குரிய பணியிடம் என்று மற்றவையும் வரிசையாக வந்து நிற்கின்றன. ஆங்கிலத்தின் 'டென்யூர் கிளாக்'கைக் 'கடிகாரம்' என்று சுவரில் மாட்டியதற்குத் 'தகுதிகாண் கெடு' போதும். குழந்தை பிறந்தாலோ நோயில் விழுந்தாலோ அந்தக் கெடுவை ஓராண்டு தள்ளிவைக்கிறார்கள். கெடுவைத் தள்ளிவைப்பது தமிழில் எப்போதும் நடப்பதுதான்.

இலங்கையில் 'நிலைபேறான அபிவிருத்தி' என்று வேறொரு பொருளில் சொல் புழங்குகிறதே என்று ஒரு நண்பர் மடக்கினார். உண்மைதான். அதற்காகத்தான் முன்னால் 'பணி'. ஒரு திரையில் முதல் தடவை முழுதாகச் சொல்லிவிட்டால் அப்புறம் குழப்பம் வராது. பொத்தானில் இடம் போதாது என்று வடிவமைப்பாளர்கள் புலம்புவார்களே, அவர்களுக்கும் லாபம்: பதவிக்காலம் ஏழு எழுத்து, நிலைபேறு நான்கு.

அந்தக் காணொளியில் இது ஒன்று மட்டும் இருந்தால் இவ்வளவு எழுதியிருக்க மாட்டேன். ஒவ்வொரு ஆசிரியருக்கும் மென்பொருளில் ஒரு கோப்பு திறக்கிறார்கள், அதற்கு ஆங்கிலத்தில் 'கேஸ்' என்று பெயர். தமிழில் 'வழக்கு' ஆக்கிவிட்டார்கள். விளைவு, ஆசிரியருக்குத் தானாகப் போகும் மின்னஞ்சலின் மாதிரி இப்படி இருந்தது: 'உங்கள் வழக்கு தொடங்கப்பட்டுள்ளது. தேவையான பொட்டலங்களைப் பதிவேற்றவும்.' பொட்டலம் என்றது ஆவணத் தொகுப்பை. படித்தவுடன் நல்ல வக்கீலைத் தேடத் தோன்றும். பதவி உயர்வு என்ற பொருளில் வந்த 'ப்ரமோஷன்' ஓரிடத்தில் 'ஊக்குவிப்பு', இன்னோரிடத்தில் 'விளம்பரம்'. ஆசிரியர்கள் என்ற பொருளில் வந்த 'ஃபேகல்டி' எல்லா இடத்திலும் 'புலம்'. ஆக 'புல விளம்பரம்'! நிலைபேறு கிடைக்காதவருக்குத் தரும் கடைசி ஓராண்டு ஒப்பந்தம், ஆங்கிலத்தில் 'டெர்மினல்' என்பதால், 'முனைய ஒப்பந்தம்' ஆகியிருந்தது. பேருந்து முனையத்தில் கையெழுத்திடுவார்கள் போலும். 'ரிவ்யூ' ஒரு பக்கத்தில் மறுஆய்வு, அடுத்த பக்கத்தில் சீராய்வு. முதல் ஆய்வே இதுதான், இதில் மறு எங்கிருந்து வந்தது? சீராய்வோ நீதிமன்றத்தில் மனுப் போடுகிறவர்கள் சொல். மதிப்பீடு என்று எளிதாகச் சொல்லிவிட்டால் என்ன?

மொழிபெயர்த்தவர் மென்பொருளைத் திறந்தே பார்த்திருக்க மாட்டார். அவரிடம் சொற்களை மட்டும் ஒரு விரிதாளில் வரிசையாகக் கொடுத்திருப்பார்கள், 'கேஸ்' என்ற ஒற்றைச் சொல் எந்தத் திரையில் எந்த மூலையில் வருகிறது என்ற குறிப்புகூட இல்லாமல். அதில் அவரைக் குறைசொல்ல மாட்டேன். ஆனால் 'உங்கள் வழக்கு' என்ற வாக்கியம் முழுதாகக் கண்முன் வந்தபோதும் அதை அப்படியே அனுப்பியவர் யாரோ, அவரிடம் எனக்குப் பேச வேண்டியது இருக்கிறது.

சொற்பட்டியல் ஒன்று எழுதி, காரணங்களோடு அனுப்பினேன். பத்து நாளில் பதில் வந்தது. வழக்கு கோப்பாகிவிட்டது, பொட்டலம் ஆவணத் தொகுப்பாகிவிட்டது, விளம்பரம் பதவி உயர்வுக்குத் திரும்பிவிட்டது. 'பதவிக்காலம்' மட்டும் எல்லாத் திரைகளிலும் ஏற்கெனவே போய்விட்டதால் இப்போதைக்கு மாற்ற இயலாது என்றார்கள். பதிலாகப் பயிற்சிக் கையேட்டின் 14ஆம் பக்கத்தில், கட்டம் கட்டி ஒரு குறிப்பைச் சேர்த்திருக்கிறார்கள்: 'கவனிக்க: பதவிக்காலத்துக்கு முடிவு தேதி கிடையாது.'