சூத்திரம் எழுதும் கையைச் சற்று நிறுத்துங்கள்

தண்டையார்பேட்டையில் மாலை வகுப்புக்கு வரும் பதினொன்றாம் வகுப்பு மாணவர்களுக்குச் சென்ற வாரம் ஒரு சிறு தேர்வு வைத்தேன். காசிமேடு துறைமுகத்தில் ஒருவர் 20 கிலோகிராம் நிறையுள்ள ஐஸ் பெட்டியைக் கிடைமட்டக் கயிற்றால் சமதளத்தில் மாறாத் திசைவேகத்தில் 10 மீட்டர் இழுக்கிறார். இயக்க உராய்வுக் குணகம் 0.3, அவருடைய இழுவிசை செய்த வேலை எவ்வளவு என்பது கேள்வி. பாதிக்கு மேற்பட்டோர் 1,960 ஜூல் என்று எழுதியிருந்தார்கள். ஆண்டுதோறும் பார்க்கும் விடைதான் என்றாலும், இம்முறை நன்றாகப் படிக்கும் பிள்ளைகளும் அதையே எழுதியிருந்ததால் இந்தக் கட்டுரையை எழுதாமல் இருக்க முடியவில்லை.

பெட்டியின் நிறையைப் புவியீர்ப்பு முடுக்கமாகிய 9.8 ஆல் பெருக்கினால் அதன் எடை 196 நியூட்டன். அதை 10 மீட்டரால் பெருக்கினால் 1,960 வருகிறது. பெருக்கலில் பிழையே இல்லை. ஆனால் எடை கீழ்நோக்கிச் செயல்படுகிறது, பெட்டியோ பக்கவாட்டில் நகர்கிறது; எனவே அந்த எண் பெட்டியை 10 மீட்டர் உயரத்துக்குத் தூக்கும்போது செய்யப்படும் வேலையே தவிர, தரையில் இழுக்கும்போது செய்யப்படும் வேலை அன்று. திசைவேகம் மாறாததால் இழுவிசை உராய்வு விசைக்குச் சமம், அதாவது எடையின் 0.3 மடங்கான 58.8 நியூட்டன், அது செய்த வேலை 588 ஜூல். வேறு சிலர், முடுக்கம் இல்லையென்றால் விசை இல்லை, விசை இல்லையென்றால் வேலையும் இல்லை என்று சுழி போட்டிருந்தார்கள். சுழியாக இருப்பது எல்லா விசைகளும் சேர்ந்த தொகுபயன் விசையும் அதன் வேலையும்தான்; இழுத்தவருடைய 588 ஜூலும் உராய்வின் எதிர்க்குறி 588 ஜூலும் அங்கேயே இருக்கின்றன.

இரண்டு தவறுகளுக்கும் வேர் ஒன்றே. எந்த விசை, எந்தப் பொருளின் மீது, எந்தத் திசையில் என்று கேட்காமல், W (வேலை), F (விசை), s (இடப்பெயர்ச்சி) என்ற எழுத்துகளைக் கண்டதும் கை தானாகப் பெருக்கத் தொடங்கிவிடுகிறது. சூத்திரம் எழுதினாலே ஒரு மதிப்பெண் தரும் எங்கள் திருத்தும் முறைக்கும் இதில் பங்கு உண்டு என்பதை ஒப்புக்கொள்கிறேன்.

என்னை மிகவும் சோர்வடையச் செய்வது இன்னொரு நம்பிக்கை: களைப்பு வந்தால் வேலை நடந்திருக்கிறது என்பது. தண்ணீர்க் குடத்தைத் தலையில் சுமந்து சமதளத்தில் சீராக நடப்பவர் குடத்தின் எடைக்கு எதிராகச் செய்யும் வேலை சுழி என்று சொன்னால், வகுப்பு மட்டுமன்று, பெற்றோரும் கோபப்படுகிறார்கள். “எங்க அம்மா தினமும் தண்ணி தூக்குறாங்க, அது வேலை இல்லையா சார்?” என்று ஒரு மாணவி கேட்டாள். நியாயமான கேள்வி. தமிழில் ‘வேலை’ என்ற சொல்லுக்குள் உழைப்பும் பிழைப்பும் கூலியும் அடங்கியிருக்கின்றன. இயற்பியல் அச்சொல்லைக் கடன் வாங்கி, விசையை அதன் திசையில் நிகழும் இடப்பெயர்ச்சியால் பெருக்குவது என்ற ஒரே கணக்குக்குள் சுருக்கிக்கொண்டது. யாருடைய உழைப்பையும் அது மறுக்கவில்லை.

அப்படியானால் கழுத்து வலிப்பது ஏன்? எண்ணூர் விரைவுச் சாலையில் துறைமுகத்துக்குள் நுழையக் காத்து நிற்கும் கன்டெய்னர் லாரிகளைப் பாருங்கள். எஞ்சின் ஓடிக்கொண்டே இருந்தால் டீசல் தீரும், புகை வரும், வெப்பம் வெளியேறும். ஆனால் கன்டெய்னர் ஓர் அங்குலமும் நகர்வதில்லை, அதன்மீது செய்யப்பட்ட வேலை சுழி. தசையும் அப்படித்தான். சுமையைத் தாங்கி நிற்கவே தசைநார்கள் தொடர்ந்து சுருங்கி ஆற்றலைச் செலவிடுகின்றன, அது வெப்பமாகிறது. உடலுக்குள் செலவான ஆற்றல் வேறு, குடத்தின்மீது செய்யப்பட்ட வேலை வேறு.

அதே அம்மா குடியிருப்பின் மூன்றாம் மாடிக்கு, ஏறத்தாழ 9 மீட்டர் உயரம், 15 லிட்டர் தண்ணீருடன் ஏறும்போது கணக்கு மாறிவிடுகிறது. குடத்தின் நிறையை விட்டுவிட்டால், தண்ணீரை உயர்த்தச் செய்யப்பட்ட வேலை 1,323 ஜூல். பெரும்பாலோர் இங்கே நிறுத்திவிடுகிறார்கள். தண்ணீரோடு அவரும் ஏறினாரே! அவருடைய நிறை 55 கிலோகிராம் என்றால், தம் உடலை உயர்த்த மட்டும் 4,851 ஜூல் தேவை. மொத்தம் 6,174 ஜூல். 45 விநாடியில் ஏறினால் சராசரித் திறன், அதாவது ஒரு விநாடியில் செய்யப்படும் வேலை, சுமார் 137 வாட், ஒரு குதிரைத்திறனாகிய 746 வாட்டில் ஐந்தில் ஒரு பங்குக்கும் குறைவு. நடுவில் நின்று மூச்சு வாங்கி 90 விநாடியில் ஏறினால் திறன் பாதியாகும், வேலை மாறாது. எந்தப் பொருளின் மீது என்ற கேள்வியைக் கேட்காதவருக்கு 1,323 மட்டுமே தெரியும்.

ஆகவே, பிள்ளைகளே, முதலில் படம் வரையுங்கள். அழகாக இருக்க வேண்டியதில்லை. ஒரு கட்டம், அதன்மீது செயல்படும் விசைகளுக்கு அம்புக்குறிகள், நகரும் திசைக்குத் தனியாக ஓர் அம்புக்குறி, அவ்வளவு போதும். மளிகைக் கடையில் ‘எடை அஞ்சு கிலோ’ என்று சொல்லிக்கொள்ளுங்கள், விடைத்தாளில் சொல்லாதீர்கள்: கிலோகிராம் நிறைக்கு, நியூட்டன் எடைக்கு. கிலோவாட் திறனின் அலகு. மின்கட்டண அட்டையில் வரும் ‘யூனிட்’ கிலோவாட்-மணி, அது ஆற்றல், 36 லட்சம் ஜூல். இதை இன்னும் எத்தனை முறைதான் சொல்வது? பெற்றோரிடம் ஒரு வேண்டுகோள்: சூத்திரங்களை ஒப்பிக்கச் சொல்லிக் கேட்காதீர்கள், வரைந்த படத்தைக் காட்டச் சொல்லுங்கள்.

அதே தேர்வில் கடைசிக் கேள்வி, அரைக் குதிரைத்திறன் மோட்டார் 1,000 லிட்டர் தண்ணீரை 12 மீட்டர் உயரத் தொட்டிக்கு ஏற்ற எவ்வளவு நேரம் ஆகும் என்பது. 1,17,600 ஜூலை 373 வாட்டால் வகுத்தால் 315 விநாடி, ஐந்தேகால் நிமிடம். ஒரு மாணவன் அதைச் சரியாக எழுதிவிட்டு, கீழே பென்சிலால் ஒரு வரி சேர்த்திருந்தான்: “எங்க வீட்டு மோட்டாருக்கு இருபது நிமிஷம் ஆகுது சார்.” பம்பு பெறும் ஆற்றலில் எவ்வளவு பயன்படுகிறது என்ற பயனுறுதிறனையும் குழாயின் உராய்வையும் கேள்வியில் விட்டது நான்தான். அடுத்த தேர்வில் அந்தக் கேள்வியைத் திருத்திக் கொடுக்கப்போகிறேன்.