இதயம் முந்துகிறது, தசைநாண் பிந்துகிறது

1966ஆம் ஆண்டு, அமெரிக்காவின் டல்லஸ் நகரில், ஆரோக்கியமான ஐந்து இளைஞர்களை மூன்று வாரங்கள் படுக்கையிலேயே கிடக்கச் செய்தார்கள். ஐவருக்கும் வயது இருபது. மூன்று வாரம் கழித்து அவர்களை எழுப்பி, உச்சகட்ட உழைப்பின்போது ஒரு நிமிடத்துக்கு உடல் எவ்வளவு ஆக்சிஜனைப் பயன்படுத்துகிறது என்று அளந்தார்கள். படுக்கப் போவதற்கு முன்பிருந்த அளவில் நான்கில் ஒரு பங்குக்கும் மேல் காணாமல் போயிருந்தது.

முப்பது ஆண்டுகளுக்குப் பிறகு அதே ஐவரும் மீண்டும் ஆய்வுக்கூடத்துக்கு வந்தார்கள். இப்போது ஐம்பது வயது. எடை கூடியிருந்தது, உடல் கொழுப்பின் விகிதம் ஏறத்தாழ இரு மடங்காகியிருந்தது. ஆனால் ஆக்சிஜன் கணக்கில் முப்பது ஆண்டு முதுமை எடுத்துக்கொண்டது, மூன்று வாரப் படுக்கை எடுத்துக்கொண்டதைவிடக் குறைவு! அதன் பிறகு ஆறு மாதம் நடை, மெல்லோட்டம், சைக்கிள் என்று படிப்படியாகப் பயிற்சி கொடுத்தார்கள். ஐவரின் சராசரி, இருபது வயதில் படுக்கப் போவதற்கு முன்பிருந்த அளவுக்குத் திரும்பிவிட்டது.

ஐந்தே பேரை வைத்துச் செய்த ஆய்வுதான். இருந்தாலும், நாற்பத்தைந்து வயதில் முதன்முறையாக மாரத்தானுக்கோ நூறு கிலோமீட்டர் ஓட்டத்துக்கோ பெயர் கொடுக்கும் ஒரு சராசரி மனிதரைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு இந்த ஐவர்தான் நினைவுக்கு வருகிறார்கள். வயதின் கணக்கில் நாம் எழுதிவைத்திருக்கும் இழப்புகளில் பெரும்பகுதி உட்கார்ந்தே இருந்ததால் வந்தது. அதை மீட்க முடியும். சிக்கல் வேறிடத்தில் இருக்கிறது. உடலின் எல்லாப் பாகங்களும் ஒரே வேகத்தில் மீள்வதில்லை.

முதலில் இதயத்தைப் பார்ப்போம். ஒரு நிமிடத்துக்கு அதிகபட்சம் எத்தனை முறை துடிக்கலாம் என்ற எல்லை வயதோடு இறங்கிக்கொண்டே போகும். இருபது வயதில் இருநூறை ஒட்டி இருக்கும் அந்த எண், ஐம்பதில் நூற்றெழுபதை ஒட்டி வந்து நிற்கும். எந்தப் பயிற்சியாலும் இதை மேலே ஏற்ற முடியாது. ஏற்ற முடிவது, ஒவ்வொரு துடிப்பிலும் வெளியேறும் ரத்தத்தின் அளவை. பயிற்சி தொடங்கிய ஓரிரு வாரங்களிலேயே ரத்தத்தின் நீர்ப்பகுதியான பிளாஸ்மா கூடத் தொடங்குகிறது. இதயத்துக்குத் திரும்பி வரும் ரத்தம் அதிகமாகிறது, அறை நன்றாக நிரம்புகிறது, ஒரே துடிப்பில் அதிக ரத்தம் வெளியேறுகிறது. முதல் மாதத்தில் மூச்சிரைக்க வைத்த அதே வேகம் அடுத்த மாதம் சுலபமாகத் தோன்றுவதற்கு இது ஒரு முக்கியக் காரணம்.

அசைவில்லாத வாழ்க்கை இதயத்துக்கு இன்னொரு தீங்கும் செய்கிறது. இடது கீழறையின் சுவர் இறுகி, விரிந்து கொடுக்கும் தன்மையை இழக்கிறது. இறுகிய அறையில் ரத்தம் முழுதாக நிரம்பாது. 2018இல் வெளியான ஓர் ஆய்வில், 45 முதல் 64 வயது வரையிலான, உடற்பயிற்சிப் பழக்கமே இல்லாதவர்களை இரண்டு ஆண்டுகள் பயிற்சி செய்யவைத்தார்கள். வாரத்தில் நான்கைந்து நாள் பயிற்சி. அதில் சில வேளை கடுமையாக, மற்றவை மிதமாக. முடிவில் அவர்களின் ஆக்சிஜன் பயன்பாட்டுத் திறன் 18 சதவீதம் உயர்ந்திருந்தது; இதயச் சுவரின் இறுக்கமும் தெளிவாகத் தளர்ந்திருந்தது. இத்தகைய பயிற்சியை எழுபது வயதை ஒட்டித் தொடங்கினால் இதயச் சுவர் இந்த அளவுக்கு இணங்குவதில்லை என்பது அதே ஆய்வுக் குழுவின் முந்தைய அனுபவம். நடுவயதை ஒரு நல்ல வாய்ப்பாக நான் கருதுவதற்கு இதுவே காரணம்.

டல்லஸ் ஐவருக்குள் நடந்த மீட்சியில் ஒரு நுட்பம் உண்டு. ஐம்பது வயதில் அவர்கள் திரும்பப் பெற்றது இதயத்தின் வழியாக வந்ததைவிடத் தசையின் வழியாக வந்ததே அதிகம். இதயம் அனுப்பிய அதே அளவு ரத்தத்திலிருந்து தசைகள் கூடுதல் ஆக்சிஜனை உறிஞ்சிக்கொண்டன. உறிஞ்சிய ஆக்சிஜன் ஆற்றலாக மாறும் இடம் செல்லுக்குள் இருக்கும் மைட்டோகாண்ட்ரியா. 1967இல் ஜான் ஹாலோஸி என்ற அறிவியலாளர் எலிகளைச் சில மாதங்கள் ஓடவிட்டு அவற்றின் தசையைச் சோதித்தபோது, மைட்டோகாண்ட்ரியாவில் உள்ள சுவாச நொதிகளின் செயல்திறன் ஏறத்தாழ இரு மடங்காகியிருந்தது. தாங்குதிறன் பயிற்சி தசைக்குள் என்ன செய்கிறது என்ற இன்றைய புரிதல் அங்கிருந்துதான் தொடங்குகிறது. மனிதர்களிடமும் இதே மாற்றம் நிகழ்கிறது. கூடவே தசையின் நார்களைச் சுற்றி நுண்ணிய ரத்தத் தந்துகிகளும் பெருகுகின்றன.

வயதோடு தசை குறைவது உண்மை. ஆனால் அது எல்லா நார்களையும் ஒரே மாதிரி தாக்குவதில்லை. பாய்ச்சலுக்கும் எடை தூக்கவும் உதவும் வேக நார்களே முதலில் மெலிகின்றன. மணிக்கணக்கில் சளைக்காமல் இயங்கும் மெது நார்கள் பெரும்பாலும் தாக்குப்பிடிக்கின்றன. நூறு மீட்டர் ஓட்டத்தில் ஐம்பது வயதுக்காரர் இருபது வயதுக்காரரை நெருங்குவது அரிது. நூறு கிலோமீட்டரில் கதை மாறுகிறது. 1983இல் ஆஸ்திரேலியாவில் சிட்னியிலிருந்து மெல்போர்ன் வரை நடந்த 875 கிலோமீட்டர் ஓட்டத்தை வென்ற கிளிஃப் யங் 61 வயது உருளைக்கிழங்கு விவசாயி. எடுத்துக்கொண்ட நேரம் 5 நாள், 15 மணி, 4 நிமிடம். வாழ்நாள் முழுதும் பண்ணையில் ஓடியாடி உழைத்த அவரைச் சராசரி மனிதர் என்று சொல்லிவிட முடியாது. ஆனாலும், வேகம் குறைந்து தூரம் கூடக் கூட வயது விதிக்கும் அபராதம் சிறுத்துப்போகிறது என்பதை அவர் காட்டினார்.

தூரம் கூடும்போது உணவின் கணக்கு முன்னுக்கு வருகிறது. சமதளத்தில் ஓடும் ஒருவர், உடல் எடையின் ஒவ்வொரு கிலோவுக்கும் ஒவ்வொரு கிலோமீட்டருக்கும் தோராயமாக ஒரு கிலோகலோரி செலவழிக்கிறார். எழுபது கிலோ எடையுள்ளவருக்கு 42.195 கிலோமீட்டர் மாரத்தான் என்றால் ஏறத்தாழ 3,000 கிலோகலோரி. தசையிலும் கல்லீரலிலும் கிளைக்கோஜனாகச் சேமிக்கப்பட்டிருக்கும் மாவுச்சத்தோ 2,000 கிலோகலோரியை ஒட்டியே இருக்கும். கொழுப்பில் ஒரு லட்சத்துக்கும் மேல் இருக்கிறது. ஆனால் அதை எரித்து ஆற்றல் பெறும் வேகம் குறைவு. ஆகவே வேகமாக ஓடினால் கிளைக்கோஜன் சீக்கிரம் தீரும், மெதுவாக ஓடினால் கொழுப்பின் பங்கு கூடும். மைட்டோகாண்ட்ரியா பெருகிய தசை, அதே வேகத்திலேயே கொழுப்பை அதிகம் எரிக்கக் கற்றுக்கொள்கிறது. பேசிக்கொண்டே ஓடக்கூடிய வேகத்தில் பல மணி நேரம் பயிற்சி செய்யச் சொல்வது இதற்காகத்தான்.

வழியில் சாப்பிட்டு ஈடுகட்டலாம் என்றால், குடல் தன் பங்குக்கு ஒரு எல்லை வைத்திருக்கிறது. குளுக்கோஸ் மட்டும் என்றால் மணிக்கு 60 கிராம் அளவுக்கே உள்வாங்கும். பழச் சர்க்கரையான ஃப்ரக்டோஸ் வேறொரு வாசல் வழியாக உள்ளே செல்வதால், இரண்டும் கலந்தால் 90 கிராம் வரை போகலாம். 2015இல் அமெரிக்காவைக் குறுக்காக ஓடிக் கடந்தவர்களை ஆராய்ந்தபோது, பல மாதங்கள் நீடிக்கும் உழைப்பில் மனித உடல், ஓய்வு நிலையின் அடிப்படைச் செலவைப்போல் சுமார் இரண்டரை மடங்குக்கு மேல் தொடர்ந்து செலவழிக்க முடியாது என்று தெரியவந்தது. உண்டதை உறிஞ்சும் குடலின் திறனே அந்த எல்லைக்குக் காரணமாக இருக்கலாம் என்று ஆய்வாளர்கள் கருதுகிறார்கள்.

இனி தசைநாண். தசையை எலும்போடு இணைக்கும் இந்த இழை, வில்லின் நாண்போல இழுபட்டு ஆற்றலைச் சேர்த்துவைத்து அடுத்த நொடியே திருப்பித் தருகிறது. ஓடும்போது ஒவ்வோர் அடியிலும் குதிகால் தசைநாணின் மேல் உடல் எடையைப்போல் ஆறு மடங்குக்கும் அதிகமான இழுவிசை விழுகிறது. ஐம்பது கிலோமீட்டர் ஓடினால் ஒவ்வொரு காலிலும் இருபதாயிரம் முறைக்கு மேல்.

இந்த இழை எவ்வளவு மெதுவாகப் புதுப்பிக்கப்படுகிறது என்பதை அணுகுண்டுகள் சொல்லிக்கொடுத்தன. 1955க்கும் 1963க்கும் இடையே திறந்தவெளியில் நடந்த அணுகுண்டுச் சோதனைகள் காற்றில் கார்பன்-14 என்ற கதிரியக்கக் கார்பனின் அளவை ஏறத்தாழ இரு மடங்காக்கின. பிறகு அது படிப்படியாகக் குறைந்தது. அந்தக் கார்பன் பயிர்களின் வழியாக உணவுக்கும், உணவின் வழியாக உடலுக்கும் வந்து சேர்ந்தது. எனவே ஒரு திசுவில் உள்ள கார்பன்-14 அளவைப் பார்த்து அது எந்த ஆண்டில் உருவானது என்று சொல்லிவிடலாம். டென்மார்க்கில் 2013இல் வெளியான ஆய்வு, இறந்தவர்களின் குதிகால் தசைநாண்களை இப்படிச் சோதித்தது. அவர்களின் தசை தொடர்ந்து புதுப்பிக்கப்பட்டிருந்தது. தசைநாணின் மையப்பகுதியோ அவர்கள் பதினேழு வயதை எட்டும்வரை உருவானது; அதன் பிறகு ஏறக்குறைய மாறவே இல்லை.

நாற்பத்தெட்டு வயதுக்காரர், புதுப்பிக்கப்பட்ட ரத்தத்தோடும் தசையோடும் ஓடினாலும், அவரைத் தாங்குவது பள்ளி நாட்களில் நெய்யப்பட்ட இழை. சுமை பழகப் பழகத் தசைநாணும் உறுதிப்படுகிறது, ஆனால் அதற்குப் பல மாதங்கள் வேண்டும். நடுவயதில் புதிதாக ஓடத் தொடங்குபவர்களின் காயங்கள் பெரும்பாலும் இந்த இடைவெளியில் பிறக்கின்றன என்பது என் உறுதியான எண்ணம். மூச்சும் இதயமும் இரண்டு மாதத்தில் தயாராகி இன்னும் போகலாம் என்கின்றன. குதிகாலும் முழங்காலும் அப்போதுதான் வேலையைத் தொடங்கியிருக்கின்றன. தூரத்தைக் கூட்டும் அட்டவணையைத் தசைநாணிடம் கேட்டுத்தான் போட வேண்டும். காலையில் எழுந்து வைக்கும் முதல் சில அடிகளில் குதிகால் விறைத்து வலித்தால், அந்த வாரம் தூரத்தைக் கூட்டக் கூடாது. வாரத்தில் இரண்டு முறை எடையோடு செய்யும் மெதுவான கெண்டைக்கால் பயிற்சி, மெலிந்துகொண்டிருக்கும் வேக நார்களுக்கும் சேர்த்துப் பயன்படுகிறது.

மூளையின் பங்கையும் சொல்லியாக வேண்டும். 2009இல் வெளியான ஒரு பரிசோதனையில், ஒன்றரை மணி நேரம் கவனத்தைப் பிழியும் கணினிப் பணியைச் செய்தவர்கள், அதன்பின் சைக்கிள் மிதித்தபோது வழக்கத்தைவிட 15 சதவீதம் முன்னதாகவே நிறுத்திவிட்டார்கள். இதயத்துடிப்பிலும், கடும் உழைப்பில் ரத்தத்தில் கூடும் லாக்டேட்டிலும் சொல்லும்படியான வேறுபாடு இல்லை. உழைப்பு மட்டும் கூடுதல் கடினமாகத் தோன்றியது. பகல் முழுதும் அலுவலகத்தில் மூளையைக் கசக்கிவிட்டு மாலையில் ஓடுபவர், தன் கால்கள் மோசமாகிவிட்டதாகக் கவலைப்பட வேண்டியதில்லை.

ஆபத்துகளைத் துல்லியமாகத் தெரிந்துகொள்வது நல்லது. 2000 முதல் 2010 வரை அமெரிக்காவில் மாரத்தானும் அரை மாரத்தானும் ஓடிய 1.09 கோடிப் பேரில் 59 பேருக்கு இதயம் நின்றது. மிக அரிது, ஆனால் பாதிக்கப்பட்டவர்களில் பெரும்பாலோர் ஆண்கள். தண்ணீரும் அளவை மீறினால் ஆபத்து. 2002 பாஸ்டன் மாரத்தானில் ரத்தம் கொடுத்த 488 பேரில் 13 சதவீதத்தினருக்கு ரத்தச் சோடியம் தாழ்ந்திருந்தது. தேவைக்கு மேல் குடித்து, ஓடி முடிக்கையில் எடை கூடியிருந்தவர்களே அதில் அதிகம் சிக்கினார்கள். தாகம் எடுக்கும்போது குடிப்பது பெரும்பாலோருக்குப் போதுமானது. சுவீடனின் 90 கிலோமீட்டர் வாசலோப்பெட் பனிச்சறுக்குப் போட்டியில் பங்கேற்ற ஐம்பதாயிரத்துக்கும் மேற்பட்டோரைப் பின்தொடர்ந்த ஆய்வில், அதிகப் போட்டிகளை முடித்தவர்களுக்கு இதயத்துடிப்பின் ஒழுங்கு தவறும் கோளாறு சற்று அதிகமாகக் காணப்பட்டது. ஓடும்போது நெஞ்சில் இறுக்கம், மயக்கம், திடீரென்று தாறுமாறாகும் துடிப்பு ஆகியவற்றில் எது வந்தாலும் அங்கேயே நிறுத்திவிட்டு மருத்துவரைப் பார்க்க வேண்டும். நெடுங்காலம் அசையாமல் இருந்தவர்களும், நீரிழிவோ ரத்தக்கொதிப்போ உள்ளவர்களும், குடும்பத்தில் இளவயதில் இதயநோயால் இறந்தவர் இருப்பவர்களும், கடும் பயிற்சியில் இறங்கும் முன்பே மருத்துவரிடம் சோதனையை முடித்துக்கொள்வது அவசியம்.