வகுப்பு முடிந்தபின் என்ன செய்கிறீர்கள்?

நாற்பதைத் தாண்டிய பலர் வீட்டில் சான்றிதழ்க் கோப்பு ஒன்று இருக்கும். எக்செல், மின்னிலக்க விளம்பரம், முதலுதவி, உணவுத் தூய்மை என்று ஆண்டுக்கு ஆண்டு அது தடிக்கும். ஆறு மாதம் கழித்து அதே எக்செலில் இரண்டு பட்டியல்களை ஒப்பிட்டுத் தரச் சொன்னால் கை தயங்கும். "வயசாயிடுச்சு, மண்டையில ஏற மாட்டேங்குது" என்று சொல்லிவிடுவார்கள். பெரும்பாலும் ஏறத்தான் செய்கிறது. ஏறியதை இறங்காமல் பிடித்து வைக்கத்தான் யாரும் சொல்லித் தருவதில்லை.

வாழ்நாள் கற்றல் என்று தொடங்கினாலே இங்கே சிங்கப்பூரில் பேச்சு வகுப்புப் பக்கம் போய்விடுகிறது: எங்கே நடக்கிறது, எவ்வளவு கட்டணக் கழிவு, சனியா ஞாயிறா. இரண்டு நாள் வகுப்பு என்றால் சுமார் 16 மணி நேரம். அதற்குப் பிந்தைய மூன்று வாரங்களில் நீங்கள் ஒதுக்கும் நாலைந்து மணி நேரம்தான் அந்தப் பதினாறில் எவ்வளவு மிஞ்சும் என்பதை முடிவு செய்கிறது.

பெரும்பாலோர் அந்த நேரத்தில் செய்வது குறிப்புகளைத் திரும்ப வாசிப்பது. மஞ்சள் பேனாவால் கோடும் போட்டுக்கொள்வார்கள். ரோடிகர், கார்ப்பிக்கி என்ற இரு உளவியலாளர்கள் 2006இல் வெளியிட்ட ஆய்வில் மாணவர்களுக்குச் சிறு உரைப்பகுதிகளைக் கொடுத்தார்கள். ஒரு சாரார் அதை மறுபடி படித்தார்கள். மறு சாரார் தாளைப் பார்க்காமல் நினைவிலிருந்து எழுதினார்கள். ஐந்து நிமிடம் கழித்துச் சோதித்தபோது மறுபடி படித்தவர்களே முந்தினார்கள்: 81க்கு 75 விழுக்காடு. ஒரு வாரம் கழித்துக் கணக்கு தலைகீழானது. மறுபடி படித்தவர்களிடம் 42 விழுக்காடு மிஞ்சியிருந்தது, நினைவிலிருந்து எழுதியவர்களிடம் 56. திரும்ப வாசிக்கும்போது எழுத்து பழகிய முகமாகத் தெரிகிறது. அதையே 'தெரியும்' என்று மனம் எடுத்துக்கொள்கிறது.

ஆகவே வகுப்பு முடிந்து வீடு திரும்பும் ரயிலிலேயே வேலையைத் தொடங்கிவிடலாம். குறிப்பைப் பையில் வைத்துவிட்டு வெற்றுத் தாளில், அல்லது கைப்பேசியில், நினைவுக்கு வருவதையெல்லாம் 10 நிமிடம் எழுதுங்கள். வரிசை தேவையில்லை. பிறகு குறிப்பைத் திறந்து, விட்டுப்போனவற்றை வேறு நிறத்தில் சேருங்கள். அந்த வேறு நிறம்தான் நாளைய பாடம். மறுநாள், நான்காம் நாள், பத்தாம் நாள், மூன்றாம் வாரக் கடைசி என்று இடைவெளியைக் கூட்டிக்கொண்டே போய் இதையே செய்யவேண்டும். சற்று மறந்த பிறகு முயன்று நினைவுக்குக் கொண்டுவருவதுதான் பலன் தருகிறது. ஒரே இரவில் நான்கு முறை செய்தால் அந்தப் பலன் வராது.

சொற்கள், சட்டவிதிகள், மருந்துப் பெயர்கள் போன்றவற்றுக்கு அட்டை நல்லது. முன்பக்கம் கேள்வி, பின்பக்கம் விடை, ஓர் அட்டைக்கு ஒரே செய்தி. செபஸ்டியன் லைட்னர் என்ற ஜெர்மன் மொழி எழுத்தாளர் 1972இல் பரப்பிய பெட்டி முறையைக் காலி பிஸ்கட் டின்கள் மூன்றை வைத்தே நடத்தலாம். முதல் டின்னை நாள்தோறும் எடுங்கள், இரண்டாவதை மூன்று நாளுக்கு ஒருமுறை, மூன்றாவதை வாரம் ஒருமுறை. சரியாகச் சொன்ன அட்டை அடுத்த டின்னுக்குப் போகும். தவறினால் எந்த டின்னில் இருந்தாலும் முதலாவதற்கே திரும்பும். ஒரு வகுப்புக்கு 15 அட்டை போதும். உற்சாகத்தில் அறுபது எழுதுபவர்கள் இரண்டாம் வாரத்திலேயே டின்னை மூடிவிடுகிறார்கள்.

கைவேலைக்கு அட்டை உதவாது. எக்செல் கற்றவர் வகுப்பில் தந்த மாதிரிக் கோப்பை மூடிவிட்டு, வீட்டு மின்கட்டண ரசீதுகள் 12ஐ எடுத்துத் தாமே பட்டியல் போட்டுப் பார்க்கவேண்டும். மாதிரிக் கோப்பில் எல்லாம் ஒழுங்காக இருக்கும். சொந்தக் கணக்கில்தான் தேதி எழுத்தாக மாறிக்கொண்டு கூட்டல் தவறும், அங்கேதான் கற்றலும் நடக்கும். ஆங்கிலத்தில் நடந்த வகுப்பை வீட்டில் யாருக்காவது தமிழில் சொல்லிப் பார்ப்பதும் நல்ல சோதனை. கலைச்சொல் ஆங்கிலத்திலேயே இருக்கட்டும். 'ஏன்' என்பதைத் தமிழில் சொல்ல முடியாமல் எங்கே திக்குகிறீர்களோ, அங்கே புரியவில்லை என்று பொருள்.

எதைக் கற்பது? சுடோக்குவைத் தினமும் போட்டால் சுடோக்குவில் தேர்ச்சி வரும், அதற்கு மேல் அதிகம் எதிர்பார்க்கவேண்டாம். உளவியலாளர் டெனிஸ் பார்க் குழுவினர் 2014இல் வெளியிட்ட ஆய்வில் 60 வயதைக் கடந்தவர்கள் வாரம் சுமார் 15 மணி நேரமாக 14 வாரங்கள் மின்னிலக்கப் புகைப்படக் கலையோ துணி ஒட்டுத் தையலோ புதிதாகக் கற்றார்கள். கூடிப் பேசி, விளையாடி, ஊர் சுற்றிய குழுவைவிட அவர்களின் நினைவாற்றல் கூடுதலாக முன்னேறியது. 15 மணி நேரம் எல்லாருக்கும் வாய்க்காது. ஆனால் அந்தப் பாடங்களின் தன்மையைக் கவனியுங்கள்: புதியவை, போகப் போகக் கடினமானவை. முப்பது ஆண்டு சமைத்தவருக்குச் சமையல் வகுப்பு இனிய பொழுதுபோக்கு. மூளைக்கு அதில் வேலை குறைவு. அவரே மாண்டரின் சீனம் கற்கத் தொடங்கி, மின்தூக்கியில் பக்கத்து வீட்டுப் பாட்டியிடம் வாரம் இரண்டு புதிய வாக்கியம் பேசிப் பார்க்கலாம். வாசிப்பில் நாட்டமுள்ளவர்களுக்குத் தேசிய நூலக வாரியத்தின் பழைய நாளிதழ்த் தொகுப்பான நியூஸ்பேப்பர்எஸ்ஜி தளம் ஒரு புதையல் (நம்மவர்கள் ஏனோ அதிகம் எட்டிப் பார்ப்பதில்லை). கோ. சாரங்கபாணி 1935இல் தொடங்கிய தமிழ் முரசின் பழைய இதழ்கள் அதில் உள்ளன. கடற்படைத் தளத்திலோ துறைமுகத்திலோ தாத்தா வேலை பார்த்திருந்தால், அந்த ஆண்டுகளின் செய்திகளை ஒரே கேள்வியோடு தொடர்ந்து வாசித்துக் குறிப்பெடுக்கலாம். ஒரு வகுப்புக்குச் சமமான வேலை, காசும் செலவில்லை.

பணத்தைப் பற்றிச் சுருக்கமாக. வகுப்புக் கட்டணத்துக்கு அரசு தொகை தரும் ஸ்கில்ஸ்ஃபியூச்சர் திட்டத்தில் 25 வயதை எட்டிய சிங்கப்பூரர்களுக்குக் கிடைக்கும் தொடக்கத் தொகை 500 வெள்ளி. 40 வயதை எட்டியவர்களுக்கு 2024 மே முதல் தனியே 4,000 வெள்ளி. இரண்டுக்கும் காலாவதித் தேதி இல்லை, ஆகவே அவசரப்படக் காரணமும் இல்லை. 4,000 வெள்ளியை எல்லா வகுப்புக்கும் பயன்படுத்த முடியாது. வேலைக்கு நேரடியாக உதவும் குறிப்பிட்ட வகுப்புகளுக்கே அது செல்லும். பணம் கட்டுமுன் மைஸ்கில்ஸ்ஃபியூச்சர் தளத்தில் அந்த வகுப்பின் பக்கத்தைத் திறந்து எந்தத் தொகை செல்லும் என்று பாருங்கள். விண்ணப்பமும் வகுப்பு தொடங்குமுன் போகவேண்டும். 50 வயதைக் கடந்தவர்கள், மூத்தோருக்கான வகுப்புகளைத் தொகுத்துத் தரும் நேஷனல் சில்வர் அகாடமி பட்டியலையும் பார்க்கலாம். "சேர்ந்தால் கையில் ரொக்கம் தருகிறோம்", "சிங்பாஸைக் (அரசின் இணையச் சேவைகளுக்கான அடையாளக் கணக்கு) கொடுங்கள், நாங்களே போட்டுவிடுகிறோம்" என்பவர்களிடமிருந்து விலகுங்கள். முதலாவது உங்களையும் மோசடியில் சேர்த்துவிடும்.

காதும் கண்ணும் கெட்டிருந்தால் எந்த முறையும் எடுபடாது. குளிர்சாதன இரைச்சலுள்ள அறையில் பயிற்றுநர் சொல்வதைப் பாதி ஊகித்தே கேட்பவருக்கு, கேட்டதை நினைவில் வைக்கச் சக்தி மிஞ்சாது. அவரும் பழியை நினைவாற்றல் மேல்தான் போடுவார். லான்செட் மருத்துவ இதழ் அமைத்த ஆணையத்தின் 2024 அறிக்கை முதுமை மறதி நோய்க்கு மாற்றக்கூடிய காரணங்களாக எண்ணிய 14இல், இளமையில் குறைந்த கல்வியோடு செவித்திறன் இழப்பும், கவனிக்காமல் விட்ட பார்வைக் குறைபாடும், தனிமையும் உண்டு. 60 வயதைக் கடந்த சிங்கப்பூரர்களுக்குக் கண், காது, வாய்ச் சோதனை 2018 முதல் குடியிருப்பு வட்டாரங்களிலேயே மலிவாக நடக்கிறது. புது வகுப்பில் சேருமுன் அதை முடித்துக்கொள்ளுங்கள்.

கற்றலால் சரியாகாத மறதியும் உண்டு. புதிய பாடம் தங்காதது வேறு. காலங்காலமாகச் செய்த சாம்பாரில் படி தவறுவது, ஒரே கேள்வியை ஒரே காலையில் மூன்று முறை கேட்பது, சொந்த அடுக்குமாடி புளோக்குக்கு வழி தடுமாறுவது போன்றவை சில மாதங்களாகக் கூடி வந்தால் பலதுறை மருந்தகத்துக்குப் போகவேண்டும். கூடவே இருப்பவர் ஒருவர் உடன் செல்லட்டும். என்ன நடந்தது, எந்தத் தேதி என்று ஐந்தாறு நிகழ்ச்சிகளையும், சாப்பிடும் மருந்துகள் அனைத்தின் பட்டியலையும் எழுதி எடுத்துப் போங்கள். தைராய்டு குறைவு, மனச்சோர்வு, வைட்டமின் பி12 பற்றாக்குறை ஆகியவையும் மறதியைத் தரும். இவற்றுக்குச் சிகிச்சை உண்டு. சைவ உணவுக்காரர்களுக்கும், நீரிழிவுக்கு மெட்ஃபார்மின் நெடுநாளாகச் சாப்பிடுபவர்களுக்கும் பி12 குறையும் வாய்ப்பு அதிகம் என்பதால், அதற்கான ரத்தப் பரிசோதனையை மருத்துவரிடம் நீங்களே கேட்கலாம்.